விமானத்தின் கட்டுப்பாட்டை மின்காந்த அலை கெடுக்குமா? கைபேசியா, கோபுரமா, சூரியனா?

பொழிச்சலூர்_பாலு | 3 டிசம்பர் 2025, காலை 7:10

போன சனிக்கிழமை, நவம்பர் 29, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோவைக்குப் போக மீனம்பாக்கத்தில் காத்திருந்தேன். விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். கவுன்ட்டரில் கேட்டால் "சாஃப்ட்வேர் மாத்துறாங்க சார்" என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இதுதான். அக்டோபர் 30-ஆம் தேதி மெக்சிகோவின் கான்குனிலிருந்து நியூவார்க் போன ஜெட்ப்ளூ நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம், விமானிகள் எதையும் தொடாமலே மூக்கைத் தாழ்த்திக் கீழே இறங்கியிருக்கிறது. பலருக்குக் காயம். விமானத்தை டாம்பாவில் இறக்கினார்கள். நவம்பர் 28 அன்று ஏர்பஸ், தீவிர சூரியக் கதிர்வீச்சு கட்டுப்பாட்டுக் கணினியின் தரவைக் கெடுக்கக்கூடும் என்று அறிவித்தது. உலகம் முழுக்கச் சுமார் 6000 விமானங்கள், இந்தியாவில் 300-க்கு மேல். பெரும்பாலானவற்றில் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினால் போதும் என்றார்கள்.

இதை வைத்து வீட்டில் பெரிய வாக்குவாதம். மாப்பிள்ளை, "கைபேசியை ஃப்ளைட் மோடில் போடச் சொல்வது வெறும் சம்பிரதாயம், ஒரு அலையும் விமானத்தை ஒன்றும் செய்யாது" என்கிறார். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் இறங்கும் விமானத்தின் சக்கரம் கண்ணுக்குத் தெரியும். கீழே ஆயிரக்கணக்கான வீடுகள், அத்தனை வீட்டிலும் வைஃபை, தெருவுக்கு ஒரு கோபுரம். எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தரமணி_ஆய்வகன் | காலை 9:25

பாலு சார், 14 வருடமாக மின்காந்த இடையூறு சோதனைதான் என் வேலை. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜெட்ப்ளூ விஷயத்தில் ஏர்பஸ் சொல்வது வானொலி அலையை அல்ல, துகளை. விண்ணிலிருந்தும் சூரியனிலிருந்தும் வரும் வேகமான துகள்கள் காற்றில் மோதி நியூட்ரான்களை உண்டாக்குகின்றன. அதில் ஒன்று நினைவகச் சில்லில் சரியான இடத்தில் பாய்ந்தால், 0 என்று இருந்த ஒரு பிட் 1 ஆகிவிடும். விமானம் பறக்கும் உயரத்தில் இந்த நியூட்ரான்கள் தரையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். உங்கள் வீட்டு வைஃபைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்தது அலை. ஏ320 1988-இல் சேவைக்கு வந்தபோதே, விமானியின் கைப்பிடிக்கும் இறக்கைக்கும் நடுவில் நேரடிக் கம்பி இணைப்பு பெரும்பாலும் போய்விட்டது. கைப்பிடியின் அசைவு மின்சமிக்ஞையாகக் கணினிக்குப் போகிறது, கணினி ஹைட்ராலிக்குக்குக் கட்டளை தருகிறது. ஃப்ளை பை வயர் என்பது இதைத்தான். அப்படியானால் அந்த ஒயரில் அலை ஏறினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இங்கேதான் பொறியாளர்களின் உழைப்பு இருக்கிறது. தரவு போவது ஒரே கம்பியில் அல்ல, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளில். ஒன்றில் மேலே போனால் மற்றதில் கீழே போகும். வாங்கும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். வெளி இரைச்சல் வந்தால் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும், கழித்தால் பூஜ்யம். அதற்கு மேல் பின்னல் கவசம், அதற்கும் மேல் விமானத்தின் உலோக உடம்பு.

கணினிகளும் ஒன்றல்ல. ஏ320-இல் எலாக் என்ற கட்டுப்பாட்டுக் கணினி இரண்டு, செக் என்பது மூன்று. இரண்டு வகையிலும் செயலி வேறு, மென்பொருள் வேறு. ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டளை தரும் பாதை ஒன்று, அதைச் சரிபார்க்கும் பாதை இன்னொன்று.

அளவைச் சொல்கிறேன். பழைய ஜிஎஸ்எம் கைபேசி உச்சத்தில் 2 வாட் தரும். ஒரு மீட்டர் தள்ளி அதன் புலம் மீட்டருக்கு 8 வோல்ட் அளவு. ரேடார், ஒலிபரப்பு நிலையம் பக்கத்தில் விமானம் சந்திக்கக்கூடியது என்று சான்றிதழ் விதி கணக்கில் வைப்பது, சில அலைவரிசைகளில் உச்சமாக மீட்டருக்கு 3000 வோல்ட். இதோடு பார்த்தால் கைபேசி கொசு மாதிரி.


ஹேங்கர்_மாணிக்கம் | காலை 11:02

தம்பி தரமணி, நீங்கள் சொன்ன அந்த 3000 வோல்ட் உடம்புக்கு வெளியே. கைபேசி இருப்பது உடம்புக்கு உள்ளே. உலோகத் தோல் வெளி அலையைத்தான் தடுக்கும், உள்ளே 180 பேர் கையில் இருப்பதை அது என்ன செய்யும்? இரண்டையும் ஒரே தராசில் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் 31 வருடம் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். ஏவியானிக்ஸ், அதாவது விமானத்தின் மின்னணுக் கருவிகள். ஆய்வகத்தில் சோதிப்பது புதுப் பெட்டி, புது ஒயர், புது கனெக்டர். அதே விமானம் இருபது வருடம் கடற்கரை ஊர்களில் இறங்கி ஏறிய பிறகு எப்படி இருக்கும் என்று கையால் தொட்டுப் பார்த்தவன் நான். சென்னைக் காற்றில் உப்பு இருக்கிறது. பாண்டிங் ஸ்ட்ராப் என்று ஒன்று உண்டு, பின்னல் பட்டை, ஒரு பாகத்தை உடம்போடு மின்சாரரீதியாகச் சேர்ப்பது. அதன் தடை 2.5 மில்லிஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய காலத்திலிருந்து வரும் கணக்கு. போல்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது பத்தாகும், ஐம்பதாகும். கவசம் இருக்கிறது என்று வரைபடம் சொல்லும், நிஜத்தில் அதன் ஒரு முனை அந்தரத்தில் தொங்கும். ஒரு முனை விட்டுப்போன கவசம் சில அலைவரிசைகளில் ஆண்டெனா மாதிரியே வேலை செய்யும்.

நடக்கவே நடக்காது என்று சொல்பவர்கள் இவற்றுக்குப் பதில் சொல்லட்டும். 1984-இல் மேற்கு ஜெர்மனியின் டொர்னேடோ போர் விமானம் முனிச் அருகே ஹோல்ஸ்கிர்ஹன் ஒலிபரப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் பறந்தபோது விழுந்தது. 1981-லிருந்து 1987 வரை அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் ஐந்து விழுந்தன, வானொலிக் கோபுரங்களின் அலை ஸ்டெபிலேட்டர் என்ற பின்புறச் சிறகைத் தானாக அசைத்தது என்று சந்தேகித்தார்கள். 1967-இல் ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிப் போர்க்கப்பலில் ரேடார் அலையால் ஒரு ராக்கெட் தானே பாய்ந்து 134 பேர் செத்தார்கள்.


தரமணி_ஆய்வகன் | மதியம் 12:40

மாணிக்கம் சார், உங்கள் முதல் அடி சரியான இடத்தில் விழுந்தது. வெளிப் புலத்தையும் உட்புலத்தையும் நேராக ஒப்பிட்டது என் தவறு, அந்தப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். உள்ளே இருக்கும் கருவிகளுக்குத் தனி அளவுகோல் உண்டு, விமானக் கருவிகளைச் சோதிக்கும் டிஓ-160 தரத்தின் 20-ஆம் பிரிவு. கருவி எங்கே பொருத்தப்படுகிறது, எவ்வளவு முக்கியமானது என்பதைப் பொறுத்து அதில் பல படிகள். கட்டுப்பாட்டுக் கணினி உயர்ந்த படியில் சோதிக்கப்படும், சமையலறை அடுப்புக்கு அவ்வளவு தேவையில்லை.

ஆனால் ஃபாரஸ்டல் கதையை அப்படியே விட முடியாது. 1967 ஜூலை 29, சூனி ராக்கெட், 134 உயிர், எல்லாம் உண்மை. ஆனால் கடற்படை விசாரணை சொன்னது வேறு. விமானத்தை வெளி மின்சாரத்திலிருந்து அதன் சொந்த மின்சாரத்துக்கு மாற்றிய நொடியில் ஏற்பட்ட மின் எழுச்சிதான் ராக்கெட்டைக் கிளப்பியது. பாதுகாப்பு ஊசியையும் முன்கூட்டியே எடுத்துவிட்டிருந்தார்கள். ரேடார் அலை என்பது பின்னால் பல கட்டுரைகளில் ஒட்டிக்கொண்டது. எங்கள் துறைக்காரர்களே பயிற்சி வகுப்பில் இதைத் தப்பாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. 134 பேர் சாவுக்குத் தப்பான காரணம் சொன்னால், சரியான காரணம் திருத்தப்படாமலே போகும்.

பிளாக் ஹாக் விஷயத்தில் ராணுவம் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் நீங்கள் சொல்வதில் வலு இருக்கிறது. அதே ஹெலிகாப்டரின் கடற்படை வடிவமான சீஹாக், கப்பல் ரேடார்களுக்கு நடுவே வாழ வேண்டும் என்பதால் கூடுதல் கவசத்தோடு கட்டப்பட்டது. அதற்கு இந்தப் பிரச்சினை வரவில்லை. கவசம் போட்டால் நிற்கிறது என்றால், அலைதான் காரணம் என்ற சந்தேகத்தை ஒதுக்க முடியாது. இதெல்லாம் நடந்த பிறகுதான் சான்றிதழ் விதிகள் இறுகின. அமெரிக்காவில் 1980-களிலிருந்து ஒவ்வொரு விமானத்துக்கும் தனி நிபந்தனையாகப் போட்டுவந்ததை 2007-இல் நிரந்தர விதியாக்கினார்கள்.


கவுல்பஜார்_செல்வி | மதியம் 1:15

நீங்கள் எல்லாரும் ராணுவக் கதை பேசுகிறீர்கள். நான் ரன்வே முனைக்குப் பக்கத்தில் இருக்கிறேன், எனக்குத் தினசரிப் பிரச்சினை. எங்கள் தெருவில் 5ஜி சரியாக வருவதே இல்லை. கேட்டால் விமான நிலையம் என்கிறார்கள். 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, ரன்வேயின் இரண்டு முனையிலிருந்தும் 2100 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டர் வரை 3300–3670 மெகாஹெர்ட்ஸ் 5ஜி கோபுரம் வைக்கக் கூடாது என்று சொன்னது. விமானத்தின் உயரத்தை அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் வேலை செய்வது 4200-இலிருந்து 4400 வரை. நடுவில் 530 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி! அமெரிக்காவில் 3980 வரை கொடுத்திருக்கிறார்கள், அங்கே இடைவெளி 220 தான். அவர்களுக்கு இல்லாத பயம் நமக்கு மட்டும் ஏன்? என் பெண் பிளஸ் டூ. ஆன்லைன் டெஸ்ட் நடுவில் நின்றுபோனால் அதற்கு யார் பதில் சொல்வது?


ஹேங்கர்_மாணிக்கம் | மதியம் 2:30

அம்மா செல்வி, உங்கள் பெண்ணின் படிப்பு கெடுவது எனக்குப் புரிகிறது, அதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அமெரிக்கர்களுக்குப் பயம் இல்லை என்பது சரியல்ல. 2022 ஜனவரி 19-ஆம் தேதி அங்கே அந்த 5ஜி தொடங்கிய அன்று, ஏர் இந்தியாவே அமெரிக்க விமானங்களை ரத்து செய்தது. அங்கேயும் விமான நிலையங்களைச் சுற்றிக் கோபுரங்களை நிறுத்திவைத்து, ஆல்டிமீட்டர்களுக்கு வடிகட்டி போட்ட பிறகுதான் மெல்லத் தளர்த்தினார்கள்.

ரேடியோ ஆல்டிமீட்டர் என்ன செய்கிறது என்று பாருங்கள். விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு வாட்டுக்கும் குறைவான சமிக்ஞையைக் கீழே அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொலியைக் கேட்கிறது. கச்சேரியில் நீங்கள் வீணையைக் கேட்க முயலும்போது, வேறு சுருதியில்தான் என்றாலும் பக்கத்தில் தவில் அடித்தால் எப்படி? அலைவரிசை வேறாக இருந்தாலும், பழைய கருவியின் முன்வாசலில் கூர்மையான வடிகட்டி இல்லையென்றால் பக்கத்துக் கோபுரத்தின் பலம் அதை மூழ்கடிக்கும். இடைவெளி 530 என்பது நல்ல கருவிக்குப் போதும். மோசமான பழைய கருவியும் இதே ரன்வேயில்தான் இறங்குகிறது.

அந்த எண் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம், டர்க்கிஷ் ஏர்லைன்ஸ் 1951, போயிங் 737. இடதுபக்க ஆல்டிமீட்டர் மைனஸ் 8 அடி என்று காட்டியது. விமானம் அப்போது இரண்டாயிரம் அடிக்குப் பக்கத்தில். தரை தொட்டுவிட்டோம் என்று நினைத்த ஆட்டோ த்ராட்டில் இன்ஜின் விசையைக் குறைத்தது. வேகம் போனது, விமானம் வயலில் விழுந்தது, ஒன்பது பேர் இறந்தார்கள். அலைதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு கருவி ஒரு தப்பு எண்ணைச் சொன்னால் போதும் என்பதற்குச் சொல்கிறேன்.


நங்கநல்லூர்_வித்யா | மாலை 4:05

மாணிக்கம் சார் கடைசியாகச் சொன்ன வரியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஆனால் அது அவருடைய கட்சிக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. நான் விமானத் துறை அல்ல, வேறு துறையில் பாதுகாப்பு சம்பந்தமான மென்பொருள் எழுதுகிறேன். இந்த விஷயத்தைப் பல வருடமாகப் படித்துவருகிறேன்.

அலை வந்ததா, துகள் வந்ததா, கனெக்டரில் தண்ணீர் இறங்கியதா என்பது இரண்டாவது கேள்வி. தப்பு எண் வரத்தான் செய்யும், எப்போதாவது. வந்த எண்ணை நம்பியது யார் என்பதுதான் என் கேள்வி.

குவாண்டாஸ் 72-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2008 அக்டோபர் 7, சிங்கப்பூரிலிருந்து பெர்த், ஏர்பஸ் ஏ330, 37,000 அடி. நல்ல வானிலை. திடீரென்று விமானம் மூக்கைக் கீழே தள்ளியது, சில நிமிடம் கழித்து இன்னொரு தடவை. 315 பேரில் 119 பேருக்குக் காயம். பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். அருகில் எக்ஸ்மவுத்தில் ஹெரால்ட் ஹோல்ட் என்ற கடற்படைத் தொடர்பு நிலையம், மிகத் தாழ்ந்த அலைவரிசையில் நீர்மூழ்கிகளோடு பேசும் பிரம்மாண்டமான ஒன்று. உடனே எல்லாரும் அதைக் கை காட்டினார்கள். ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்கள் மூன்று வருடம் எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த நிலையம் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார்கள். விண்துகளையும் பார்த்தார்கள், உறுதிப்படுத்தப் போதிய சான்று கிடைக்கவில்லை.

கிடைத்தது என்ன தெரியுமா? காற்று, திசை பற்றிய தரவு தரும் மூன்று அலகுகளில் முதலாவது, உயரத்துக்குரிய எண்ணை எடுத்து அதன்மேல் இறக்கைக் கோணம் (எதிர்வரும் காற்றை இறக்கை சந்திக்கும் கோணம்) என்ற முத்திரையைக் குத்தி அனுப்பியிருக்கிறது. 37,012 அடி என்பது 50 டிகிரிக்கு மேற்பட்ட கோணமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த உயரத்தில் அப்படி ஒரு கோணம் நடக்கவே முடியாது. கட்டுப்பாட்டுக் கணினியில் இதற்குக் காவல் இருந்தது. எண் திடீரென்று தாவினால் 1.2 நொடிக்குப் பழைய நல்ல எண்ணையே வைத்துக்கொள் என்று எழுதியிருந்தார்கள். தப்பு எண் ஒரு தடவை வந்தால் அது போதும். ஆனால் சரியாக 1.2 நொடி கழித்து இன்னொரு தப்பு எண் வந்தபோது, காவல் கதவு திறக்கும் அந்தக் கணத்தில் அது உள்ளே நுழைந்துவிட்டது. மற்ற இரண்டு அலகுகளும் சரியான கோணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தும் பயனில்லை. இறக்கை தூக்குவிசையை இழக்கப் போகிறது என்று நினைத்த கணினி மூக்கைத் தாழ்த்தியது.

அதே வருடம் டிசம்பர் 27-இல் இன்னொரு குவாண்டாஸ் ஏ330-இல் அதே வகை அலகு அதே மாதிரி பிதற்றியது. அப்போது விமானிகளுக்கு வழிமுறை கையில் இருந்தது, உடனே அலகை அணைத்துத் திரும்பி வந்தார்கள். இதில் கவசம் என்ன செய்திருக்கும்? பாண்டிங் ஸ்ட்ராப் என்ன செய்திருக்கும்? 1.2 நொடி என்று எழுதிய அந்த வரியைத் திருத்தியதுதான் தீர்வு. இப்போது ஜெட்ப்ளூவுக்கும் அதேதான், துகளை யாரும் நிறுத்தவில்லை, மென்பொருளைத்தான் பின்னோக்கி மாற்றினார்கள்.


ஹேங்கர்_மாணிக்கம் | மாலை 5:20

வித்யா அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் நான் ஒப்புக்கொள்ளாத இடம் ஒன்று. எல்லாத் தப்பு எண்ணையும் மென்பொருள் பிடித்துவிடும் என்று வைத்துக்கொண்டால், எண் தப்பாக வருவதைப் பற்றி யாரும் கவலைப்படமாட்டார்கள். பட்ஜெட்டில் முதலில் வெட்டுவது ஒயரிங் ஆய்வைத்தான். 50 டிகிரி என்று வந்தால் பொய் என்று தெரியும். 3 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 5 என்று வந்தால்? மூன்று அலகுக்கும் ஒரே கற்றையில் ஒயர் போய், ஒரே இரைச்சல் மூன்றிலும் ஏறினால்? மூன்று பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் வாக்கெடுப்பில் பொய்தான் ஜெயிக்கும்.


பொழிச்சலூர்_பாலு | மாலை 6:00

நான் கேட்டதைவிட நிறைய கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்கச் சொன்ன கேள்வி: இவ்வளவு காவல் இருக்கும்போது கைபேசியை அணைக்கச் சொல்வது எதற்கு? ஒரு விபத்தாவது கைபேசியால் நடந்திருக்கிறதா?


தரமணி_ஆய்வகன் | மாலை 6:50

நேரான கேள்வி. 2000 ஜனவரி 10, சூரிச்சில் கிராஸ்ஏர் 498, பத்துப் பேர் இறந்தார்கள். கைபேசி என்று பத்திரிகைகள் எழுதின. விசாரணையில் அது காரணமல்ல என்று வந்தது, விமானி திசையுணர்வு இழந்ததுதான் காரணம்.

எனக்கு உறுத்தலாக இருப்பது இன்னொன்று. 2003 ஜூன், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், பைப்பர் என்ற சிறிய விமானம். இரவு, மூடுபனி, இறங்கும் நேரம். விமானியின் சொந்தக் கைபேசி அழைப்பில் இருந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அவருடைய கைபேசி வழிகாட்டும் கருவியில் தவறான காட்டுதலை உண்டாக்கியிருக்கலாம் என்று அறிக்கை சொன்னது. "இருக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். அது பழைய சின்ன விமானம், கைபேசி காக்பிட்டுக்குள்ளேயே இருந்தது.

ஆக, பயணிகள் கைபேசி பெரிய விமானத்தின் கட்டுப்பாட்டுப் பரப்பை அசைத்ததாக நிரூபணமான விபத்து எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. பிரச்சினை வருவது ரேடியோக் காதுகளில். கட்டுப்பாட்டு ஒயர் பெரிய சமிக்ஞையைச் சுமக்கிறது, ஆண்டெனா மிகச் சிறியதைத் தேடுகிறது. பழைய எஃப்எம் ரேடியோ இதற்கு நல்ல உதாரணம். எஃப்எம் பெட்டி வாங்க மட்டும்தான் செய்யும், அனுப்பாது என்று நினைப்போம். ஆனால் அதற்குள்ளே ஒரு சின்ன அலை உற்பத்தியாகிறது, கேட்கும் நிலையத்தைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் மேலே. சென்னையில் 98.3 வைத்துப் பாட்டுக் கேட்டால் பெட்டிக்குள் 109.0 ஓடும். விமானம் ரன்வேயின் நேர்க்கோட்டைப் பிடிக்கும் லோக்கலைசர் சமிக்ஞை 108-லிருந்து 112-க்குள்! மலிவான பெட்டி என்றால் அது வெளியே கசியும். 1960-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் விமானத்துக்குள் எஃப்எம் ரேடியோவைத் தடை செய்ததற்கு இதுதான் காரணம். சம்பிரதாயம் என்று மாப்பிள்ளை சொன்னதற்கு இதுதான் என் பதில்.

கைபேசிக்கும் அப்படித்தான். ஸ்பீக்கர் பக்கத்தில் பழைய போனை வைத்தால் அழைப்பு வருவதற்கு முன் ஒரு "டிர் டிர்" சத்தம் கேட்கும், நினைவிருக்கிறதா? நொடிக்கு 217 தடவை துடிக்கும் ஜிஎஸ்எம் அலை அது. அதே சத்தம் விமானியின் ஹெட்செட்டில், விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் உயரத்தைச் சொல்லும் நொடியில் கேட்டால் எப்படி இருக்கும் என்று அவரை யோசிக்கச் சொல்லுங்கள். 2013-இல் அமெரிக்காவும் 2014-இல் நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவும் பயணம் முழுக்கக் கருவிகளை அனுமதித்தபோதும், ஃப்ளைட் மோட் என்ற நிபந்தனையை விடவில்லை.


தும்பா_ரசிகன் | இரவு 8:10

இயற்பியல் ஆசிரியன், பல்லாவரம். பாலு சாருக்கு ஒரு ஆறுதல். விண்ணிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் வளைத்துத் தள்ளுகிறது, காந்த நடுக்கோட்டில் இந்தப் பாதுகாப்பு மிக அதிகம். அந்தக் கோடு நம் தென்கோடி வழியாகத்தான் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அதனால்தான். எனவே சென்னையிலிருந்து கோவை போகும் விமானத்துக்குத் துகள் மழை குறைவு, துருவத்தை ஒட்டி அமெரிக்கா போகும் விமானத்துக்கு அதிகம். குறைவு என்றேன், இல்லை என்று சொல்லவில்லை.


கவுல்பஜார்_செல்வி | இரவு 8:45

மாணிக்கம் ஐயா, வீணை உதாரணம் புரிந்தது. அப்படியானால் கோபுரத்தைத் தடுப்பதைவிடப் பழைய ஆல்டிமீட்டரை மாற்றச் சொல்வதுதானே நியாயம்? விமானக் கம்பெனி செய்ய வேண்டிய செலவை எங்கள் தெரு சுமக்கிறது. அப்புறம், வேண்டுமென்றே போலி ஜிபிஎஸ் அனுப்புகிறார்களே, டெல்லியில் கடந்த மாதம் விமானங்கள் தடுமாறின. இந்த வாரம் ராஜ்யசபாவில் சொன்ன பதிலில் சென்னையின் பெயரும் இருந்தது. என் போனைவிட அதுதானே பெரிய ஆபத்து?


தரமணி_ஆய்வகன் | இரவு 9:05

இரண்டுமே சரி, செல்வி மேடம். ஆல்டிமீட்டரை மாற்றும்வரைதான் அந்தத் தடை என்றுதான் உத்தரவிலேயே இருந்தது. மாற்றத்துக்குக் கெடு வைத்து அதை மக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். போலி ஜிபிஎஸ் தற்செயலான இடையூறு அல்ல, கருவி நம்பும்படி செய்து தரும் பொய். கவசம் அதைத் தடுக்காது, ஏனென்றால் ஆண்டெனாவின் வேலையே அந்த அலையை உள்ளே விடுவதுதான். தரையிலுள்ள வழிகாட்டிக் கருவிகளை மூடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.


நங்கநல்லூர்_வித்யா | இரவு 9:30

மாணிக்கம் சார், "மூன்று பேர் ஒரே பொய்" என்றீர்கள். அதற்காகத்தான் மூன்று தடத்தையும் வெவ்வேறு வழியாக இழுக்கிறார்கள், போயிங் 777-இல் ஒவ்வொரு கணினிக்குள்ளும் மூன்று விதமான செயலிகள் வைத்திருக்கிறார்கள். ஜப்பானின் கவாசாகி பி-1 ரோந்து விமானத்தில் கட்டளை கண்ணாடி இழையில் ஒளியாகவே போகிறது, அதில் அலை ஏற இடமே இல்லை. ஆனால் 3-க்குப் பதில் 5 வந்தால் என்ன என்று கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நம்பத்தகுந்த பொய்தான் எங்கள் தொழிலிலும் கஷ்டமானது. நீங்கள் பணியில் இருந்தபோது அப்படி ஒன்றை நேரில் பார்த்தீர்களா?


ஹேங்கர்_மாணிக்கம் | இரவு 10:20

பார்த்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு விமானத்தில் இறங்கும்போது ஆட்டோ பைலட் தானே விடுபட்டது. விமானி பதிவேட்டில் எழுதினார். கணினியைக் கேட்டோம், சோதனை ஓட்டினோம், எல்லாம் பச்சை. "பழுது எதுவும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை பெட்டியையே மாற்றினோம். கழற்றிய பெட்டியைச் சோதித்த இடத்திலிருந்தும் பழுது இல்லை என்றே திரும்பி வந்தது.

நான்காம் தடவை நான் பிடிவாதமாக பேனலைத் திறந்து கற்றையைக் கையால் தடவிக்கொண்டே போனேன். ஒரு கனெக்டரின் பேக்‌ஷெல் என்ற பின்மூடி விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. உள்ளே கவசத்தின் முனை பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. பக்கத்திலேயே ரேடியோவின் ஒயர் போகிறது. விமானி கோபுரத்தோடு பேச பட்டனை அழுத்தும்போதெல்லாம் ஆட்டோ பைலட் விடுபட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். தரையில் பலதடவை அழுத்திப் பார்த்தோம், ஒரு தடவைகூட வரவில்லை. நிரூபிக்க முடியவில்லை. கவசத்தைப் புதிதாக முடித்து மூடினோம், அதற்குப் பிறகு அந்தப் பதிவு வரவே இல்லை.


நங்கநல்லூர்_வித்யா | இரவு 10:31

சார், அந்த நான்கு தடவையும் எந்த மாதம் என்று நினைவிருக்கிறதா?


ஹேங்கர்_மாணிக்கம் | இரவு 10:38

நினைவிருக்கிறது அம்மா. நான்கும் ஐப்பசி, கார்த்திகை. மழையில் இங்கே இறங்கியபோது மட்டும்.